அக்கா சொன்ன மரகதம்

அக்கா அறைகளைச் சுத்தம் செய்யும் வரிசை யாருக்கும் பிடிபடாது. தஞ்சோங் கிளிங் கடற்கரைச் சாலையில் நான் தோட்ட வேலை பார்த்த ஓட்டலில், மற்ற பெண்கள் ஒரு கோடியில் ஆரம்பித்து மறுகோடியில் முடிப்பார்கள். அக்கா மேல் மாடியில் தொடங்குவார். பாதியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு கீழே வந்துவிடுவார். பிறகு மறுபடியும் மேலே போவார். சூப்பர்வைசர் கேட்டால், "மேல தரை காயணும், என்சேக்" என்று மலாயில் ஐயா போட்டுச் சொல்லுவார். தரையில் ஈரமே இருக்காது. மூன்று மணிக்கு அக்கா தரைத்தளத்துக் கடைசி அறையில் இருந்தாக வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

அந்த அறையில் இருந்து பார்த்தால் கடல் தெரியாது. ஜெனரேட்டர் கொட்டகையும் நான் வளர்த்த வேலிச்செடியும்தான் தெரியும். அதனால் ஓட்டல் நிரம்பி வழியும் பள்ளி விடுமுறையைத் தவிர அது காலியாகவே கிடக்கும். ஆனால் டெலிவிஷன் நன்றாக வேலை செய்யும். மூன்று மணிக்கு அதில் 'மூடாத கேட்' போடுவார்கள்.

அந்தத் தொடர் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டிலேயே எடுத்தது. மரகதம் என்ற பெண் செம்பனைத் தோட்டங்களில் இருந்து பிள்ளைகளை ஏற்றிப் பள்ளிக்குக் கொண்டுபோகும் வேன் ஓட்டுவாள். ஒரு நாள் மாலை ஒரு சிறுமி தன் வீட்டு வாசலில் வேனை விட்டு இறங்குகிறாள். கேட் திறந்திருக்கிறது. உள்ளே அவள் போய்ச் சேரவே இல்லை. ஊரே மரகதத்தின் மேல் பழி போடுகிறது. அந்தப் பிள்ளை எங்கே என்று அவள் தேடுவதுதான் கதை. கடைசியில் மரகதம் அந்த வீட்டுக் கேட்டுக்குள் நடந்து போவதோடு நிறுத்திவிட்டார்கள். தயாரித்தவர்களுக்குள் சண்டை என்றார்கள். பிள்ளை கிடைத்தாளா, இல்லையா, யாருக்கும் தெரியாது. அதனாலேயே ஜனங்கள் அதை மறக்கவில்லை. பத்து பெரண்டாம் வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் வேன்களின் பின்கண்ணாடியில்கூட 'மரகதம்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் யார் வீட்டிலும் அந்தச் சேனல் கிடையாது. மாதாமாதம் கட்டணம் கட்ட வேண்டும். அப்படியே கட்டினாலும் மூன்று மணிக்கு நாங்கள் வேலையில் இருப்போம். ஆகவே எங்களுக்கு 'மூடாத கேட்' என்றால் அக்கா வாய் வழியாக வந்ததுதான். நாலு மணி டீக்குச் சமையலறைக்குப் பின்னால், கேஸ் சிலிண்டர் தோம்புகளுக்குப் பக்கத்தில் இருந்த நீள மேசையில் உட்காருவோம். சலவைப் பிரிவு மணியம், பாத்திரம் கழுவும் சரசு, காய் வெட்டுகிறவர்கள், ஓரத்தில் நான். அக்கா தன் கோப்பையை ஊற்றிக்கொண்டு, தலையணை உறை ஒன்றை மடியில் போட்டு மடித்தபடியே ஆரம்பிப்பார்.

முதல் வாக்கியம் எப்போதும் ஒன்றுதான். மரகதம் சாப்பிட்டாளா இல்லையா என்று.

"இன்னிக்கு மரகதம் பசியாறல."

"ஏங்க்கா, ரொட்டி வாங்கி வச்சிருந்தாளே நேத்து?"

"அத வேன்ல ஏறுன ஒரு பையன் கேட்டுட்டான். குடுத்துட்டா."

"இப்படிக் குடுத்துக்கிட்டே இருந்தா அவ எப்படிலா வண்டி ஓட்டுவா?" என்று, எதற்கும் ஒரு 'லா' சேர்த்துப் பேசும் மணியம் மேசையைத் தட்டுவான். சொந்தத் தங்கச்சியைத் திட்டுவதுபோலத் திட்டுவான்.

அக்கா நடித்துக் காட்ட மாட்டார். குரலை ஏற்றி இறக்க மாட்டார். பள்ளிக் கமிட்டித் தலைவர் கெட்டவர். அவரைக்கூட 'அவர்' என்றுதான் சொல்லுவார். கேட்கிற எங்களுக்கு ஆத்திரமாக இருக்கும். "அவனுக்கு என்னக்கா மரியாதை?" என்று சரசு கேட்டால், "அவருக்கும் வீட்டுல பிள்ளைங்க இருக்கு இல்ல, அதுங்க காதுல விழும்" என்பார். டெலிவிஷன் ஆளுக்கு வீடும் பிள்ளையும்! நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார்.

யாருக்கும் தலைகுனிவு வந்துவிடக் கூடாது. அக்காவைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்லுவேன்.

ஒரு தடவை தரைத்தளத்தில் ஓர் அறைக்குப் பூந்தொட்டி மாற்றப் போயிருந்தேன். ஒரு குடும்பம் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளை ஒருத்தி திரைச்சீலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். கட்டிலில் போர்வையைத் தாறுமாறாக மேலே இழுத்து விட்டிருந்தது; அதன் ஓரத்தில் விரிப்பு நனைந்திருந்தது. அப்பா குளியலறையில் இருந்து வெளியே வருகிற சத்தம். அக்கா கட்டிலைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். துடைக்க வைத்திருந்த வாளியைத் தூக்கிக் கட்டில் மேலேயே கவிழ்த்துவிட்டார்.

"அய்யய்யோ சார், கை தவறிப் போச்சு! மன்னிச்சிடுங்க சார்!"

அந்த மனிதர் கத்திய கத்தில் சூப்பர்வைசர் ஓடி வந்தார். அக்கா குனிந்துகொண்டே நின்றார். பிள்ளை திரைச்சீலைக்கு வெளியே வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான் நடந்தது. டீ மேசையில் அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

என் விஷயத்திலும் அப்படித்தான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாவது வரைக்கும்தான் படித்தேன். தமிழ் வாசிப்பேன். மலாயிலும் இங்கிலீஷிலும் எழுத்து கூட்டுவதற்குள் விடிந்துவிடும். ஓட்டலில் அறிவிப்புப் பலகையில் புதிதாக ஏதாவது ஒட்டினால், கண்ணாடியை மறந்துவிட்டேன் என்பேன். என்னிடம் கண்ணாடியே கிடையாது. அக்கா அதைக் கண்டுபிடித்த நாளில் இருந்து, பலகைக்கு முன்னால் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்து, அர்த்தமும் சொல்லுவார். "எனக்கு சத்தமா படிச்சாத்தான் மண்டையில ஏறும்" என்பார். மணியம் கிண்டல் செய்வான்: "அக்கா பரீட்சைக்குப் போறாங்க போல!" அந்தக் கிண்டலை அவர் வாங்கிக்கொள்வார். நான் பக்கத்தில் சும்மா நிற்பேன். எனக்குக் காது சுடும்.

எனக்குக் காது சுடாத நாள் குறைவு. நாலு பேர் இருக்கும் இடத்தில் யாராவது என் பெயரைக் கூப்பிட்டாலே போதும். இதை எழுதுவதற்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அக்கா இப்போது ஜொகூரில் இருக்கும் மகன் வீட்டுக்கே போய்விட்டார். அவரைப் பற்றி எழுதி வைக்க வேறு யாரும் இல்லை.

கண்ணாடிக் கதவு விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

கடைசி அறைக்கு முன்னால் இருந்த வேலிச்செடியை ஒரு நாள் மூன்று மணிக்கு வெட்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே டெலிவிஷன் தெரிந்தது. வெள்ளை வேன் ஒன்று செம்மண் ரோட்டில் வருகிறது. எனக்கு மரகதத்தின் முகம் எப்படி இருக்கும் என்று அதுவரை தெரியாது. கருப்பாக, ஒல்லியாக, பல் கொஞ்சம் முன்னால் வந்து, என் மனதில் இருந்ததைவிட நன்றாக இருந்தாள். அடுத்த நாளும் அங்கே வெட்டப் போனேன். அதற்கடுத்த நாளும். குளிர்சாதனம் ஓடுவதால் கதவு மூடியிருக்கும். சத்தம் ஒன்றும் கேட்காது. படம் மட்டும்தான். சத்தத்தை நாலு மணிக்கு அக்கா கொடுப்பார்.

தினமும் வெட்டினால் செடி என்ன ஆகும்? இலை எல்லாம் போய் வெறும் குச்சியாக நின்றது. அதை நான் கவனிக்கவில்லை. சூப்பர்வைசர் கவனித்தார். ஜெனரேட்டர் கொட்டகைப் பக்கமாக வந்து, நான் பெரிய கத்தரிக்கோலைக் காற்றில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு பெண் தனியாக வேலை செய்யும் அறைக்குள் உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பதையும் கவனித்தார். அவருக்குப் பின்னால் காவலாளி இரண்டு பேர்.

"இங்க என்ன பார்க்கறே?" என்று மலாயில் கேட்டார். எத்தனை நாளாக இது நடக்கிறது என்றும் கேட்டார்.

அவர் என்ன நினைக்கிறார் என்று புரிந்தது. கத்தரிக்கோலைக் கீழே இறக்கினேன். வீட்டில் மனைவிக்கு எப்படிச் சொல்வது என்று மட்டும் ஓடியது.

அப்போது கண்ணாடிக் கதவு சரேலென்று திறந்தது.

"ஊலார், என்சேக்! ஊலார்!" என்று அக்கா தலையணை உறையை ஆட்டிக் கத்தினார். "இம்மாம் நீளப் பாம்பு! செடிக்குள்ள பூந்திருச்சு. நான்தான் இந்தத் தம்பியக் கூப்பிட்டு, செடிய மொட்டையா வெட்டிட்டு நின்னு பார்க்கச் சொன்னேன்!"

சூப்பர்வைசர் புல்லில் இருந்து சிமெண்டுத் தரைக்குத் தாவிவிட்டார். மறுநாள் காவலாளிகள் அந்தப் பக்கம் முழுக்கக் கந்தகத் தூள் தூவினார்கள். ஒரு வாரம் மணியம் என்னைப் 'பாம்புப் பிடாரன்' என்று கூப்பிட்டான்.

அக்கா என்னிடம் இதைப் பற்றிப் பேசவே இல்லை. "தம்பி, செடி பாவம், தழையட்டும். பக்கத்துல இருக்கற பூவைக் கவனிங்க" என்றார். அதோடு சரி. அடுத்த நாள் மூன்று மணிக்குப் பூவைக் கவனிக்கப் போனபோது, மேசை மேல் இருந்த டெலிவிஷன் கண்ணாடிக் கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கதவை மட்டும் அவர் ஒரு நாளும் திறந்து வைக்கவில்லை. திறந்தால் நான் பார்ப்பது அவருக்குத் தெரியும் என்று ஆகிவிடும் அல்லவா? நான் வெளியே, அவர் உள்ளே, ஒரே தொடரைப் பல மாதம் பார்த்தோம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதில்லை.

அப்படிப் பார்த்ததில்தான் ஒன்று தெரியவந்தது.

ஒரு நாள் படத்தில் பள்ளி மண்டபம். பெற்றோர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். கமிட்டித் தலைவர் கையை நீட்டி ஏதோ சொல்கிறார். மரகதம் எல்லாருக்கும் முன்னால் மண்டிபோடுகிறாள். கையைக் கூப்புகிறாள். ரொம்ப நேரம் அப்படியே இருக்கிறாள். உள்ளே அக்கா கட்டில் விரிப்பைப் பாதி விரித்தபடி நின்றுவிட்டார். விளம்பரம் வந்த பிறகும் அசையவில்லை.

நாலு மணிக்கு மேசைக்கு வந்தார். உறையை மடித்தார்.

"இன்னிக்கு மரகதம் சாப்பிட்டா. கொஞ்சம்தான். அப்புறம் மீட்டிங்குக் கூப்பிட்டாங்க. எல்லாரும் கண்டபடி கேட்டாங்க. தலைவரு, 'மன்னிப்புக் கேளு'ன்னாரு. மரகதம் எந்திரிச்சு நின்னா. நேரா எல்லாரையும் பார்த்தா. 'உங்க பிள்ளைங்கள நான்தான் கூட்டிட்டு வந்தேன். நாளைக்கும் வருவேன்' அப்படின்னா. போயிட்டா."

மேசையே கை தட்டியது. மணியம் எழுந்து நின்று தட்டினான். அன்றில் இருந்து வேலை முடிந்து போகும்போது நாங்கள் ஒருவருக்கொருவர் அதைத்தான் சொல்லிக்கொள்வோம். சம்பளத்தைப் பிடித்துவிட்டார்களா, மேலே இருப்பவன் ஏசிவிட்டானா, பஞ்ச் கார்டு அடித்துவிட்டு, "நாளைக்கும் வருவேன்!" சரசு பேரப்பிள்ளைக்குக்கூடச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

நான் கண்ணால் பார்த்தது ஒன்று, காதால் கேட்டது ஒன்று. அதற்குப் பிறகு கவனித்துப் பார்த்தேன். மாமியார் மரகதத்தைக் குழாயடியில் உட்கார வைத்துச் சோறு போட்ட அன்று, அக்கா கதையில் அவள் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒருவன் அவள் மேல் சேற்றை வாரி அடித்த அன்று, அக்கா கதையில் மழை பெய்தது. ஆனாலும் எனக்கு முழு நிச்சயம் இல்லை. சத்தம் இல்லாமல் பார்க்கிறவனுக்கு என்ன தெரியும்? மண்டிபோட்ட பிறகு எழுந்து அப்படிச் சொன்னாளோ என்னவோ என்று சமாதானம் செய்துகொண்டேன். எனக்கும் அக்கா சொன்னதுதான் வேண்டியிருந்தது.

பிறகு தொடர் நின்றது. வருஷங்கள் போயின. அக்காவுக்கு முழங்கால் வலி வந்தது; மேல்மாடியில் இருந்து கீழ்மாடிக்கே மாற்றிவிட்டார்கள். மணியத்தின் தலை நரைத்தது. ஒரு நாள் அவன்தான் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு சலவை அறையில் இருந்து ஓடி வந்தான்.

"மரகதம் திரும்ப வர்றா! அதே ஆளு, அதே வேன்! புதுசா எடுக்கறாங்கலா!"

அக்கா கையில் இருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். கண் நிறைந்துவிட்டது. "அந்தப் பிள்ளை கிடைச்சிருமா?" என்று கேட்டார். ஒரு கதையில் காணாமல் போன பிள்ளைக்காக ஒருவர் அத்தனை வருஷம் காத்திருந்தார் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

புதிய தொடர் வருவதற்கு முன்னால், ரசிகர்கள் மரகதத்தின் வசனம் ஒன்றைப் பேசிக் காணொளி அனுப்பலாம் என்று தொடரின் இணையப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். மணியம் விடுவானா? எல்லாரையும் சீருடையோடு நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினான்.

"நான் எதுக்கு? நீங்க எடுங்க. எனக்கு ரூம் இருக்கு" என்றார் அக்கா.

"அக்காவுக்கு வெக்கமாம்! வாங்கக்கா, நீங்கதான் தலைவி!"

"வேற ஏதாவது சொல்லலாமே மணியம். வணக்கம்னு சொன்னாப் போதாதா?"

"வணக்கம் எவனும் சொல்லுவான்லா!"

இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். கடைசி வரிசையில், உயரமான காய் வெட்டுகிறவருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். எல்லாரும் கையை உயர்த்தி, "நாளைக்கும் வருவேன்!" என்று கத்தினோம். நான் பக்கவாட்டில் பார்த்தேன். அக்காவின் வாய் அசையவில்லை. என் வாயும் அசையவில்லை. ஆனால் அது என் கூச்சம்.

அடுத்த வாரமே தெரிந்துவிட்டது. பழைய தொடர் முழுவதையும் கைப்பேசியில் பார்க்கிற மாதிரி ஏற்றிவிட்டார்கள். எங்கள் காணொளிக்குக் கீழே ஜனங்கள் எழுதத் தொடங்கினார்கள். டீ மேசையில் மணியம் அதை வாசித்தான். அன்றைக்கு அவன் டீ ஊற்றிக்கொள்ளவில்லை.

"'இது எந்தச் சீரியல் வசனம்? கனவுல பார்த்தீங்களா?' இது ஒருத்தன். 'ஓட்டல்காரங்களுக்கு மட்டும் தனியா போட்டாங்க போல.' இது இன்னொருத்தன். நான் எல்லாத்தையும் பார்த்துட்டேன்க்கா. தூக்கம் முழிச்சு, கண்ணு எரிய எரிய. எங்கயும் இல்ல. அப்படி ஒரு வார்த்தையே அவ சொல்லல."

அக்கா மடித்துக்கொண்டிருந்த உறை கையிலேயே நின்றது.

"அவ மண்டி போடறா. எல்லாரும் பார்க்க. நீங்க என்ன சொன்னீங்க? நாங்க கை தட்டினோம்லா! எந்திரிச்சு நின்னு தட்டினேன் நான்!"

"விடு மணியம்" என்றாள் சரசு.

"என்னா விடறது? எம்மகளோட கூட்டாளிங்க அந்த வீடியோவப் பார்த்துட்டு, 'உங்கப்பா நாளைக்கும் வருவாரா'ன்னு கேக்குதுங்களாம். எம்மக நேத்து ராத்திரி அழுதுக்கிட்டு வந்து எங்கிட்ட கேக்குது. நான் என்ன சொல்ல? ஏன்க்கா எங்கள முட்டாளாக்கினீங்க?"

அக்கா வாயைத் திறந்தார். அத்தனை வருஷத்தில் அவருக்கு ஒரு சாக்குக் கிடைக்காமல் போனதை நான் பார்த்ததில்லை. மற்றவர்களுக்கு என்றால் வாளி வரும், பாம்பு வரும். தனக்கு என்று வந்தபோது ஒன்றும் இல்லை. கழுத்து மெல்ல மெல்லக் குனிந்துகொண்டே போனது. அதைப் பார்க்க முடியாமல் நான் எழுந்துவிட்டேன். நான் எழுந்ததே எல்லாருக்கும் அதிசயம்.

"நான் பார்த்தேன்" என்றேன். "அப்பவே பார்த்தேன். கண்ணாடிக் கதவு வழியா. மரகதம் அப்படித்தான் சொன்னா. இப்ப அத வெட்டிட்டாங்க."

மணியம் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"கதவு தொறந்திருந்துச்சா?"

"இல்ல. ஏர்கோன்..."

"மூடுன கண்ணாடி வழியா சத்தம் எப்படிலா கேட்டுச்சு உனக்கு?"

காய் வெட்டுகிறவர் யோசித்து, "இரு இரு. அப்ப அந்தப் பாம்பு?" என்றார்.

அவ்வளவுதான். கூரை அதிரச் சிரித்தார்கள். "பாம்பு பேன்ட் போட்டிருந்துச்சு போல!" என்றான் மணியம். கோபத்தில் இருந்தவன், அவனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கந்தகத் தூள் எல்லாம் இவனுக்காகத்தான் போட்டாங்களா!" எனக்குக் காது, கழுத்து, முதுகு எல்லாம் எரிந்தது. உட்காரவும் தெரியவில்லை, போகவும் தெரியவில்லை.

"உக்காருங்க தம்பி" என்றார் அக்கா.

அவர் ஒருவர்தான் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும் வரைக்கும் காத்திருந்தார்.

"மணியம் சொல்றது சரிதான். அவ மண்டி போட்டா. நான் பார்த்தேன். மாத்திச் சொன்னது நான்தான். வேற எவ்வளவோ மாத்தியிருக்கேன்." உறையை மேசை மேல் வைத்தார். "நீங்க எல்லாரும் அப்பத்தான் வந்து உக்காந்து டீயக் கையில எடுத்திருந்தீங்க. டீ குடிக்கற ஆளுங்ககிட்ட, ஒருத்தி மண்டி போட்டான்னு எப்படிச் சொல்றது? எனக்குச் சொல்ல வரல, மணியம். உன் மகள்கிட்ட நான் வந்து சொல்றேன். தப்பு என்னோடதுன்னு."

"அதெல்லாம் வேணாம்க்கா" என்றான் மணியம். அவன் குரல் இறங்கிவிட்டது.

சாயங்காலம் குழாயடியில் கத்தரிக்கோலைக் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து பக்கத்தில் நின்றார்.

"எனக்காகப் பொய் சொல்லாதீங்க தம்பி."

நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவன் கேட்டப்ப எனக்கு ஒரு தடவைதான் கூசுச்சு. நீங்க எந்திரிச்சீங்க பாருங்க, அப்ப ரெண்டு தடவை." குழாயை மூடினார். "நான் உங்களுக்கெல்லாம் செஞ்சப்பவும் இப்படித்தான் இருந்துச்சா?"

"இல்லக்கா" என்றேன்.

அவர் என் காதைப் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார். அறிவிப்புப் பலகை முன்னால் அவர் சத்தமாக வாசிப்பது அதோடு நின்றது. "தம்பி, படிச்சுக் காட்டட்டுமா?" என்று நேராகக் கேட்பார். நானும் "ஆமாம்க்கா" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். முதல் தடவை சொல்லும்போது கஷ்டமாக இருந்தது.

புதிய 'மூடாத கேட்' தொடங்கியது. இப்போது எல்லார் கையிலும் கைப்பேசி. நாலு மணிக்கு ஆளுக்கொரு மூலையில் காதில் மாட்டிக்கொண்டு பார்ப்பார்கள். யாரும் யாருக்கும் கதை சொல்ல வேண்டியதில்லை. மேசையில் பிஸ்கட் கடிக்கும் சத்தம் மட்டும்தான். அக்கா கோப்பையை எடுத்துக்கொண்டு சாமான் ஏற்றும் படியில் போய் உட்கார்ந்துகொள்வார். அவர் பார்க்கிறாரா என்றுகூட யாரும் கேட்கவில்லை. கேட்கக் கூச்சம். முட்டாளாக்கினீங்க என்று ஒரு தடவை சொல்லிவிட்ட பிறகு, இன்றைக்கு மரகதம் பசியாறினாளா என்று எந்த முகத்தோடு கேட்பது?

அப்படியே சில வாரம் போனது. பிறகு ஒரு நாள், மரகதத்தின் வேன் ஓட்டும் உரிமத்தைப் பிடுங்கிக்கொள்கிற பகுதி வந்தது. பிள்ளைகளை மறுபடியும் ஏற்ற வேண்டுமானால் பெற்றோர்கள் சம்மதிக்க வேண்டும். வீடு வீடாகப் போகிறாள். தலை நரைத்துவிட்டது அவளுக்கும். நான் மணியம் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். முடியும் முன்னாலேயே அவன் அதை மேசை மேல் கவிழ்த்து வைத்தான். காதில் மாட்டியிருந்ததை உருவினான். படிப் பக்கம் திரும்பினான்.

"அக்கா."

அவர் நிமிர்ந்தார்.

"இங்க வந்து சொல்லுங்களேன்."

"நீ பார்த்தல்ல?"

"பார்த்தேன். அதான்."

அக்கா வந்து தன் பழைய இடத்தில் உட்கார்ந்தார். மற்றவர்களும் காதில் இருந்ததை எடுத்தார்கள்.

"எப்படிச் சொல்லணும்? நான் சொல்ற மாதிரியா, நடந்த மாதிரியா?"

யாரும் யாரையும் பார்க்கவில்லை. பொய்யாகச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் எல்லாருக்கும் ஆசை என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதே ஆசை. சரசு கோப்பையின் காதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நடந்த மாதிரியே" என்றான் மணியம்.

"இன்னிக்கு மரகதம் பசியாறல" என்று அக்கா தொடங்கினார். மடிக்க உறை இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டார். முதல் வீட்டில் நாய் குரைத்தது, ஆள் வெளியே வரவில்லை. இரண்டாவது வீட்டில் ஒரு பெண் வந்து, கேட்டைச் சாத்திவிட்டு, சாத்திய பிறகுதான் என்ன வேண்டும் என்று கேட்டாள். ஒரு வீட்டில் அவள் முன்பு ஏற்றி இறக்கிய பையன், இப்போது வளர்ந்த ஆள், அவளைத் தெரியாதவன்போல நின்றான். அக்கா எதையும் விடவில்லை. எதையும் கூட்டவும் இல்லை. கேட்டை மூடியவர்களைக்கூட 'அவங்க' என்றுதான் சொன்னார். கடைசி வீட்டு வாசலில் மரகதம் கையைக் கூப்பிக்கொண்டு மண்டிபோட்டாள் என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் நின்றது. பிறகு சொன்னார். "மண்டி போட்டா. அவங்க கதவைத் தொறக்கல. அதோட முடிச்சுட்டாங்க."

யாரும் டீயைத் தொடவில்லை. ஆறி ஏடு படிந்திருந்தது. நாங்கள் எல்லாரும் ஏற்கெனவே பார்த்த காட்சிதான். அவர் வாயில் கேட்டபோது, எங்கள் வீட்டு ஆள் ஒருத்திக்கு நடந்ததைக் கேட்கிற மாதிரி இருந்தது. மணியம் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அந்த ரூம்ல ஒத்தையா நின்னு இதையெல்லாம் பார்த்தேன் அப்ப" என்றார் அக்கா. "யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்தது பெரிய பாரமா இருந்துச்சு. இப்ப நீங்க எல்லாரும் பார்த்துட்டீங்க."

பிறகு மேசையின் ஓரத்துக்குத் திரும்பினார். அத்தனை வருஷத்தில் அதைப் பற்றி அவர் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"ஒத்தையான்னு சொல்லக் கூடாது. தம்பியும் வெளிய நின்னு பார்த்துச்சு."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தலையைக் குனியக் கூடாது என்றுதான் நினைத்தேன். பழக்கம், குனிந்துவிட்டது. ஆனால் எழுந்து போகவில்லை. டீ நேரம் முடியும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.